தோள்மேல் ஒரு கை

திண்டிவனத்தில் என் தாத்தாவும் பாட்டியும் கல்யாணமான புதிதில் எடுத்துக்கொண்ட படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு கையும் முழங்கால்மேல். பாட்டி பக்கத்தில் நிற்கிறார். அவருடைய இடது கை நாற்காலியின் முதுகுச் சட்டத்தைப் பிடித்திருக்கிறது. நான்கு விரல்கள் தெரிகின்றன. விரல் நுனிக்கும் தாத்தாவின் தோளுக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி. சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், கையைத் தூக்கித் தோளில் வைத்திருக்கக் கூடாதா என்று தோன்றும். பழைய நிழற்படங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கிய பிறகு, படத்தில் முகங்களைவிட அந்த இரண்டு விரற்கடையே என்னிடம் அதிகம் பேசுகிறது.

தமிழில் ‘தீண்டு’ என்கிற ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்று பாருங்கள். பிள்ளைகளின் மேனி நம்மேல் படுகிற இன்பத்தைச் சொல்ல வள்ளுவர் எடுத்துக்கொண்டது இந்தச் சொல்லைத்தான். பாம்பு கடித்தால் பாம்பு தீண்டிவிட்டது என்கிறோம். இதே சொல்லை எதிர்மறையாக்கினால், ஊரையும் சேரியையும் நூற்றாண்டுகளாகப் பிரித்துவைத்த கொடுமையின் பெயர் வந்துவிடுகிறது. அன்பும் நஞ்சும் விலக்கும் ஒரே வேரில் முளைத்த மொழி நம்முடையது. ஆகவே ஒரு பழைய படத்தில் யார் கை யார்மேல் படுகிறது என்று பார்க்கும்போது, பாசத்தோடு சேர்த்து உரிமையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. தொட யாருக்கு உரிமை இருந்தது, யார் தொடப்பட்டார்கள், யாரைத் தொடாமலே படம் எடுத்துக்கொண்டு போனார்கள்?

முதலில் தொழில்நுட்பத்தைச் சொல்லிவிடுகிறேன், தொடுகைக்கும் அதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1851இல் இங்கிலாந்தில் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறைதான் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு உலகெங்கும் ஆண்டது. கண்ணாடித் தட்டில் பசைபோன்ற கொலோடியனை ஊற்றி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடிக் கழுவியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அந்த ஈரம் சீக்கிரம் காய்ந்துபோகும். வெளிச்சத்தைப் பொறுத்துச் சில நொடிகளிலிருந்து சில நிமிடங்கள்வரை எதிரில் இருப்பவர் அசையக் கூடாது. அதற்காகத் தலைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாதபடி இரும்புக் கவட்டை ஒன்றை முட்டுக் கொடுப்பார்கள். குழந்தையைப் படம் எடுக்கத் தாயின்மேல் துணியைப் போர்த்தி, அவளையே நாற்காலிபோல ஆக்கி, அவள் மடியில் குழந்தையை உட்காரவைத்த படங்கள் ஐரோப்பாவில் நிறைய உண்டு. ஒருவர் தோளில் இன்னொருவர் கை வைப்பதும் அசையாமல் இருக்க ஒரு வழிதான். இரண்டு உடம்பு சாய்ந்துகொண்டால் இரண்டும் ஆடாது. ஆரம்பகாலப் படங்களில் தெரிகிற அணைப்பில் கொஞ்சம் முட்டுக்கட்டை வேலையும் கலந்திருக்கிறது.

அந்த முட்டுக்கட்டையைக் கலையாக்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில், நாற்பத்தெட்டு வயதில், மகளும் மருமகனும் வாங்கிக் கொடுத்த கேமராவோடு தொடங்கினார். வைட் தீவின் பிரெஷ்வாட்டரில் இருந்த வீட்டில் நிலக்கரி போட்டுவைத்த அறை இருட்டறையானது, கோழிக் கொட்டகை ஸ்டூடியோ ஆனது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அவர் எடுத்தவற்றில் 1,200க்கு மேற்பட்ட படங்கள் இன்று அறியப்பட்டிருக்கின்றன.

அந்தப் படங்களில் உடம்பும் உடம்பும் ஒட்டிக்கொண்டே இருக்கும். 1864இல் எடுத்த ‘இரட்டை விண்மீன்’ படத்தில் இரண்டு குழந்தைகள் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தோடு முகம் வைத்திருக்கிறார்கள். 1869இல் எடுத்த ‘சமாதான முத்தம்’ படத்தை அவரே தம் படங்களில் மிக அழகானது என்று கருதினார். அதில் முத்தம் என்று ஒன்று நடக்கவில்லை. மூத்தவளின் உதடு சிறுமியின் நெற்றியோரம் சும்மா படிந்திருக்கிறது. இருவர் கண்களும் வேறெங்கோ. விளிம்புகள் மங்கி, ஒருத்தியின் கூந்தல் எங்கே முடிகிறது, மற்றவளின் கன்னம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அக்காலத்து நிபுணர்கள் இதைக் குறை என்றார்கள். கேமரன் மங்கலை வேண்டுமென்றே வைத்துக்கொண்டார். கூர்மையான விளிம்பு ஓர் உடம்பை இன்னோர் உடம்பிலிருந்து வெட்டிப் பிரிக்கும், மங்கல் சேர்த்துவைக்கும். அவருடைய தட்டுகளில் கைரேகை பதிந்திருக்கும், தலைமுடி ஒட்டியிருக்கும், கொலோடியன் வழிந்த தடம் இருக்கும். அவற்றை அவர் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார். எதிரில் இருந்தவர்களின் தொடுகையோடு எடுத்தவரின் தொடுகையும் சேர்ந்தே அச்சாகியிருக்கிறது.

ஏறக்குறைய இதே காலத்தில் லண்டனில் கிளெமென்டினா ஹாவர்டன் தன் பெண்பிள்ளைகளை ஜன்னலோரத்தில் நிறுத்தி, ஒருத்தி இடுப்பில் மற்றவள் கை சுற்றியிருக்கப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் படங்கள் குடும்ப ஆல்பத்திலிருந்து கிழித்து எடுக்கப்பட்டவை என்பதால் மூலைகள் பிய்ந்தே இருக்கும்.

கேமரனிடம் திரும்புவதற்குக் காரணம் அவர் வீட்டின் பெயர். டிம்போலா. இலங்கை மலைநாட்டில் டிம்புல என்ற இடத்தில் அவர் கணவர் சார்லஸ் ஹே கேமரனுக்குக் காப்பித் தோட்டம் இருந்தது. அந்தப் பெயரைத்தான் வீட்டுக்கு வைத்தார்கள். அந்தத் தோட்டங்களில் வேலை செய்ய, மன்னாரில் கரையிறங்கி மாத்தளைவரை காட்டுப் பாதையில் நடந்தே போனவர்கள் தமிழ்நாட்டு ஆட்கள். பெரும்பாலும் திருச்சி, மதுரை, தஞ்சை, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்தார். விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய அன்றைய தென்னார்க்காட்டிலிருந்தும் ஆட்கள் கடல் கடந்து மொரிசியஸுக்கும் நேட்டாலுக்கும் இலங்கைக்கும் போனார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. பிரெஷ்வாட்டரில் நெற்றியோரம் படிந்த அந்த உதட்டுக்குப் பின்னால் கண்ணாடித் தட்டின் விலை இருக்கிறது, வெள்ளி நைட்ரேட்டின் விலை இருக்கிறது, அந்த வீட்டு வருமானத்தில் காப்பியின் பங்கும் இருக்கிறது. இதைச் சொல்வதால் அந்தப் படத்தின் அழகு எனக்குக் குறைவதில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் அந்தப் படத்தை நான் பார்க்க முடியாது.

1869இல் இலங்கைக் காப்பியை இலைத்துரு நோய் பிடித்தது. 1875இல் கேமரன் தம்பதி வீட்டைக் காலிசெய்துகொண்டு இலங்கைக்கே குடிபெயர்ந்தார்கள். களுத்துறையில் தங்கினார்கள். 1879 ஜனவரியில் ஜூலியா இலங்கையிலேயே, மலைநாட்டில் இறந்தார். பொகவந்தலாவையில் தேவாலயத்துப் புல்வெளியில் இருக்கிறது கல்லறை. இலங்கையில் அவர் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே மிஞ்சியிருக்கின்றன. தோட்டத் தொழிலாளரும் களுத்துறைக் குடியானவரும் அவற்றில் நிற்கிறார்கள்.

நிற்கிறார்கள் என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். பிரெஷ்வாட்டரின் சாய்வும் அணைப்பும் இங்கே வற்றிவிடுகின்றன. கேமரா பின்னால் நகர்ந்திருக்கிறது. ஆட்கள் நிமிர்ந்து, தனித்தனியாக, தங்கள் உடம்பைத் தாங்களே தாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். மங்கலும் குறைவு. அழகாகவே இருக்கிறார்கள், கேமரனுக்கு அழகைக் காணத் தெரியும். ஆனால் நெருங்கும் வழி தெரியவில்லை.

ஓவியர் மேரியன் நார்த் அந்தக் காலத்தில் அவர் வீட்டில் போய்த் தங்கினார். தன் நினைவுக் குறிப்பில் இரண்டு விஷயங்களைப் பதிந்திருக்கிறார். கேமரன் அவரையும் விடவில்லை. கொண்டையை அவிழ்த்து, மெல்லிய கம்பளித் துணியைச் சுற்றிவிட்டு, தலைக்குப் பின்னால் தென்னை ஓலை முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கப் படம் எடுத்தாராம். இன்னொன்று ஓர் உள்ளூர் ஆளைப் பற்றியது. அவனுடைய முதுகு கேமரனுக்கு அத்தனை பிடித்துப்போய்விட்டது. அவனைத் தோட்டக்காரனாக வேலைக்கு வைத்தே தீர வேண்டும் என்று மகனிடம் பிடிவாதம் பிடித்தார். வீட்டில் தோட்டம் கிடையாது. தோட்டம் என்றால் என்ன என்றும் அந்த ஆளுக்குத் தெரியாது.

நார்த் இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு அந்த முதுகு மனதைவிட்டுப் போவதில்லை. நார்த்தின் கூந்தலைக் கேமரன் தன் கையால் அவிழ்க்கலாம். அவனுடைய முதுகைத் தூரத்தில் நின்று பார்க்கத்தான் முடியும். பார்த்தது பிடித்துப்போனால் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். பிரெஷ்வாட்டரில் மாதாவாக உட்கார்ந்த வேலைக்காரப் பெண்ணின் பெயர் மேரி ஹில்லியர் என்று உலகம் அறியும். அந்தப் பெயரைக் கொண்டு, படம் படமாக அவளைத் தேடிப் போகலாம். முதுகுக்காரன் பெயர் நார்த் எழுத்தில் இல்லை. அகத்திணையில் தலைவன் தலைவியைப் பெயர் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியர் விதித்தார். உள்ளே நடக்கிற அன்பு யாருடையதாகவும் இருக்கலாம் என்பதற்காக ஒருவர் பெயரையும் சொல்லாமல் விட்ட மரபு நம்முடையது. களுத்துறைப் படங்களில் பெயர் இல்லாமல் போனது அந்த வகையில் சேராது. அங்கே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சென்னை மாகாணத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1856இல் மதராஸில் நிழற்படச் சங்கம் தொடங்கியது. கலைப்பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் அதில் முன்நின்றார். அரசாங்கப் படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858இல் திருவரங்கம், மதுரை, தஞ்சை என்று சுற்றிக் கோயில்களை எடுத்தார். அவர் படங்களில் கல் இருக்கிறது, நிழல் இருக்கிறது, மனிதர் அநேகமாக இல்லை. மனித உடம்பைக் கேமரா தேடி வந்தபோது அது அளவுகோலையும் கூடவே கொண்டுவந்தது.

1869இல் ஜே. எச். லாம்ப்ரி என்பவர் ஒரு சட்டத்தில் பட்டு நூலை இரண்டங்குலக் கட்டங்களாகக் கட்டி, அதன்முன் மனிதர்களை ஆடையின்றி நிறுத்திப் படம் எடுக்கும் முறையை வகுத்தார். அதே ஆண்டில் உயிரியலாளர் ஹக்ஸ்லி, பிரிட்டிஷ் பேரரசின் எல்லா இனத்தாரையும் இப்படி ஒரே மாதிரியாக எடுக்க வேண்டும் என்று விதிமுறை எழுதிக் கொடுத்தார். கை இப்படி, கால் இப்படி, முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. அந்தப் படத்தில் இன்னொருவர் கூட நிற்க இடமில்லை. கலைக் கூடங்களில் நிர்வாணம் அழகுக்கு இலக்கணமாக இருந்த அதே காலத்தில், குடியேற்ற நாட்டு உடம்பின் நிர்வாணம் எண்ணிக்கைக்கு வசதியாகிவிட்டது.

1885 முதல் மதராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் இடுக்கியால் அளந்துகொண்டே மாகாணம் முழுக்க அலைந்தார். கே. ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலின் முன்னுரையில், மக்கள் தன்னைக் கண்டு ஓடியதை அவரே சொல்கிறார். வயநாட்டுப் பணியப் பெண்கள், தங்களில் நல்ல உடல்வாகு உள்ளவர்களைப் பாடம்செய்து அருங்காட்சியகத்தில் வைக்க வந்திருக்கிறார் என்று பயந்து ஓடினார்கள். நீலகிரி இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று சொல்லி அளக்க விட மறுத்தார். இதையும் நகைச்சுவையாகவே எழுதியிருக்கிறார். பயந்தவர்கள் தப்பாக ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை என்பது என் எண்ணம். தன் உடம்பைத் தொட வருகிற கை எதற்காக வருகிறது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

நம் பக்கத்து இருளரும் அந்த நூலில் உண்டு. 1906இல் வெளியான தென்னார்க்காடு கெஜட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ், இருளர் செஞ்சி மலைகளைச் சுற்றி வாழ்வதாகக் குறித்து, அவர்கள் நிறத்தையும் பேச்சையும் ஓரிரு வரியில் சொல்லிவிட்டுப் போக, தர்ஸ்டன் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். பாம்பைக் கையால் பிடிக்கிறவர்கள், விஷத்துக்கு மருந்து தெரிந்தவர்கள். தீண்டுவதன் எல்லாப் பொருளையும் உடம்பில் சுமந்தவர்கள். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் இன்றும் அவர்கள் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் உழைக்கிறார்கள். திண்டிவனத்திலிருந்து பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னெடுத்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் சாதிச் சான்றிதழுக்காகப் பல ஆண்டுகள் போராடி வந்திருக்கிறது. அந்தச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கவும் ஒரு படம் வேண்டும். பின்னால் வெறும் திரை, முகம் நேராக, பக்கத்தில் ஒருவரும் கூடாது, யார் கையும் மேலே படக் கூடாது. லாம்ப்ரியின் பட்டு நூல் போய்விட்டது, அவன் போட்ட கட்டம் போகவில்லை.

இனி ஸ்டூடியோவுக்குள் போகலாம். விழுப்புரம் ரயில் சந்திப்பு. 1879இல் புதுச்சேரிப் பாதை வந்து சேர்ந்த பிறகு நாலா திசை ஆட்களும் இறங்கி ஏறுகிற ஊரானது. திண்டிவனம் சென்னையிலிருந்து விழுப்புரம் வருகிற பாதையில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊர்களின் கடைத்தெருவில் மாடிப்படி ஏறிப் போகிற ஸ்டூடியோக்கள்தான் தமிழனின் உடம்பு முதன்முதலாகத் தன் விருப்பப்படி கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்த இடம். வரைந்த சீன், ஒரு பூந்தொட்டி, ஒரு நாற்காலி, ஓரமாய்ப் பவுடர் டப்பா. பவுடருக்குக் காரணம் உண்டு. பழைய தட்டுகள் நீல ஒளியைத்தான் நன்றாக வாங்கும், சிவப்பு அவற்றுக்குத் தெரியாது. நம் மேனி உள்ளதைவிடக் கறுத்தே விழும்.

படம் எடுத்த பிறகுதான் நிஜமான தொடுகை நடந்தது. ஸ்டூடியோக்காரர்கள் அதை ‘டச்சிங்’ என்றார்கள். சாய்ந்த மரச்சட்டத்தில் நெகட்டிவை வைத்து, கீழே ஒரு கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பிவிடுவார்கள். முகத்தின்மேல் பென்சில் பிடிக்க மருந்து தடவுவார்கள். ஊசிபோலச் சீவிய பென்சிலால், கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், மூக்கோரத்தில், புள்ளி புள்ளியாக, எறும்பு ஊர்வதுபோல வைத்துக்கொண்டே போவார்கள். நெகட்டிவில் வைக்கிற கறுப்பு அச்சில் வெளுப்பாகும். அம்மைத் தழும்பு மறையும், கவலைக் கோடு மறையும். ஒரு முகத்துக்கு மணிக்கணக்கும் ஆகும். ஒரு பெண்ணின் முகத்தை அவள் புருஷன்கூட அத்தனை நேரம், அத்தனை கிட்டத்தில், அத்தனை கவனமாகப் பார்த்திருப்பானா என்பது சந்தேகம். பார்த்தவரோ அவளை ஒருமுறையும் தொட்டதில்லை.

தொட முடியாது என்பதே ஸ்டூடியோவின் பெரிய சிக்கல். ஆண்பிள்ளை என்றால் படக்காரர் நேராக வந்து முகவாயைப் பிடித்து நிமிர்த்துவார், தோளைத் திருப்புவார். பெண்பிள்ளை என்றால் தூரத்தில் நின்று தன் தலையையே சாய்த்துக் காட்டுவார், அல்லது மாமியாரைக் கூப்பிட்டுச் சொல்லுவார். லாலா தீன்தயாள் 1892இல் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்றே தனி ஸ்டூடியோ வைத்து அதை ஓர் ஆங்கிலப் பெண்மணியிடம் ஒப்படைத்ததும் இதனால்தான். கடைத்தெரு ஸ்டூடியோவுக்கு அந்த வசதி ஏது? நாற்காலி இருந்தது. கணவன் உட்கார, மனைவி நிற்க, அவள் கை நாற்காலியைப் பிடிக்கும். அவன் உடம்புக்குப் பதிலாக அவன் உட்கார்ந்த மரம். பழைய ஜோடிப் படங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். அதே ஸ்டூடியோவில் அதே நாளில் இரண்டு சிநேகிதர்கள் வந்தால் தோளில் கை போட்டுக்கொள்வார்கள், சுண்டுவிரல் கோத்துக்கொள்வார்கள், தொடையோடு தொடை ஒட்டி உட்காருவார்கள். ஒருவரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நாளைக்கு வெவ்வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறவர்கள் பிரியும்முன் எடுத்துக்கொண்ட படங்கள் அவை. நம் ஸ்டூடியோக்கள் விட்டுச்சென்ற படங்களில் நெருக்கம் கூச்சமில்லாமல் தெரிவது ஆண்களின் இந்த நட்புப் படங்களில்தான். சினிமா வந்து நெடுங்காலம் ஆன பிறகே ஜோடிகளின் தலை ஒன்றோடொன்று சாய்ந்தது.

இந்தப் படங்களில் பெரும்பகுதி போய்விட்டது. கண்ணாடி நெகட்டிவைச் சுரண்டிக் கழுவி, படச் சட்டத்துக்குக் கண்ணாடியாகப் போட்டவர்கள் உண்டு. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், ஜோயி ஹெட்லியும் அவர் குழுவினரும் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களைத் தேடிப் போய், மிச்சமிருந்ததைப் பிரதியெடுத்துக் காப்பாற்றினார்கள். அவர்கள் போயிராவிட்டால் இதைப் பற்றி எழுத அதிக ஆதாரம் மிஞ்சியிருக்காது. குடும்பங்களிடம் நான் கேட்டுக்கொள்வதும் ஒன்று உண்டு. பரணில் கிடக்கும் படத்தை எடுத்துத் துடையுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரைப் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள்.

அவற்றில் ஒரு வகைப் படத்தை வெளியார் பார்த்தால் மிரண்டுபோவார்கள். செத்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைத் துணியால் கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, மாலை போட்டு, சுற்றிலும் குடும்பம் நிற்க எடுத்த படம். பல வீடுகளில் அந்த மனிதருக்கு இருக்கிற ஒரே படம் அதுதான். சைக்கிளில் ஆள் போய் ஸ்டூடியோக்காரரைக் கூட்டிவருவார்கள். அவர் வரும்வரை பிணத்தை எடுக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. திண்ணையில், அதே தாத்தா, வேறு நாற்காலி. கழுத்து சாயாமல் இருக்கப் பின்னால் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், விரல் மட்டும் தெரிகிறது. பாட்டி இந்தமுறை உட்கார்ந்திருக்கிறார், தரையில், நாற்காலிக் காலோரம். படக்காரரைப் பார்க்கவில்லை. தாத்தாவின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டிருக்கிறார். அந்த இடம் மட்டும் லேசாக மங்கியிருக்கிறது. படம் விழுகிற நேரத்தில் பாட்டியின் கட்டைவிரல் அசைந்திருக்க வேண்டும். டச்சிங் செய்தவர் அதைச் சரிசெய்யாமல் விட்டிருக்கிறார்.